ஸ்குவிட் ப்ராக்ஸி: வீட்டு இணையப் பதிவேட்டுக்கு எவ்வளவு தகுதியானது?

ஸ்குவிட் என்னும் கட்டற்ற ப்ராக்ஸி மென்பொருளை, மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டு வலையமைப்பில், இணையக் கோரிக்கைகளைப் பதிவு செய்யும் ஒரே நோக்கத்துக்காக நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த மென்பொருள், அம்மா, தம்பி குடும்பம், பள்ளி செல்லும் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே வைஃபையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு வீட்டுக்குப் பொருந்துமா என்பதே இந்த மதிப்புரையில் நான் ஆராயும் கேள்வி. பொருந்தும் என்பதே என் முடிவு. ஆனால், அது எதைப் பதிவு செய்கிறது, எதைப் பதிவு செய்வதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு நிறுவுவோருக்கே அந்த முடிவு செல்லும். பிள்ளைகளை வேவு பார்ப்பதற்காக இதை நாடுவோருக்கு இது பயன்படாது. பயன்படக் கூடாது என்றும் உறுதியாகக் கருதுகிறேன்.

ஃபைபர் இணைப்புகள் பெரும்பாலும் அன்லிமிடெட் என்ற பெயரில் விற்கப்பட்டாலும், மாதத்துக்கு இத்தனை ஜிபி என்ற வரம்பு திட்ட விவரத்தின் அடியில் இருக்கும். அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். வரம்பைத் தொட்ட மாதத்தில் வீட்டில் எழும் முதல் கேள்வி, இவ்வளவையும் யார் இழுத்தது என்பதுதான். ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்று காட்டும். சேவை நிறுவனத்தின் செயலி மொத்தக் கணக்கைக் காட்டும். எந்தக் கருவி, எந்த நேரத்தில், எந்தத் தளத்திலிருந்து, எவ்வளவு இறக்கியது என்ற விவரம் இவ்விரண்டிலும் கிடைப்பதில்லை. கருவிக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு கோரிக்கையையும் தானே வாங்கித் தானே அனுப்பும் ஒரு ப்ராக்ஸி வழங்கியிடம்தான் (சர்வர்) அந்த விவரம் இயல்பாகச் சேர்கிறது.

ஸ்குவிட் இந்த வேலைக்காகப் பிறந்த மென்பொருள் அன்று. அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் கேச் (இறக்கியதைச் சேமித்து வைக்கும்) மென்பொருளிலிருந்து கிளைத்து, டுவேன் வெசல்ஸ் என்பவரின் முன்னெடுப்பில் 1996-ல் இதன் முதல் பதிப்பு வந்தது. இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வயது விளங்கும். ஒருவர் இறக்கிய பக்கத்தையும் படத்தையும் சேமித்து வைத்து, அதே பக்கத்தை அடுத்தவர் கேட்கும்போது வெளியே போகாமல் உள்ளிருந்தே கொடுப்பதுதான் அன்று இதன் தலையாய பணி; இணைப்பு மெதுவாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில் அது பேருதவி. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ் என்னும் மறைகுறியாக்கப்பட்ட வழியில் வருவதால், இயல்பான அமைவில், நடுவில் நிற்கும் ஸ்குவிடால் எதையும் பிரித்துச் சேமிக்க முடியாது. ஆகவே, சேமிப்பு வேகத்தை எதிர்பார்த்து வீட்டில் இதை நிறுவுவோர் ஏமாந்துபோவார்கள். அக்காலத்தில் துணைப் பயனாக இருந்த பதிவேடும் அனுமதிக் கட்டுப்பாடும்தான் இன்று வீட்டுக்கு இதனால் கிடைக்கும் முதன்மைப் பயன்கள்.

நிறுவுவது எளிது. டெபியன் அல்லது உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் எந்தச் சிறு கணினியிலும் ஒரே கட்டளையில் வந்து அமர்ந்துவிடும். 3128 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயில் எண்ணில்) காத்திருக்கும். நிறுவியவுடன் வீட்டுக் கருவிகள் எதையும் அது உள்ளே விடாது. தன் அமைவுக் கோப்பில் வீட்டு வலையின் முகவரி வரம்பை அனுமதிக்கும் வரியை நாமே இயக்க வேண்டும். எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, அனுமதித்ததை மட்டும் விடும் இந்த இயல்பு நிலையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அமைவுக் கோப்பின் நீளம் புதியவரை மிரட்டும். ஆனால் அதில் பெரும்பகுதி விளக்கக் குறிப்புகளே என்பதால், வீட்டுப் பதிவேட்டுக்கு மாற்ற வேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாற்றிய பின் மென்பொருளை மீண்டும் தொடங்குவதற்கு முன்னால் கோப்பைச் சரிபார்த்துச் சொல்லும் வசதியும் உள்ளது. அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

இனி, பதிவுக்கோப்பு. இந்த மென்பொருளின் மதிப்பு முழுவதும் ஆக்சஸ் லாக் என்னும் அந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஒரு கோரிக்கைக்கு ஒரு வரி. ஒரு வரியில் பத்து உறுப்புகள். நேரம், கோரிக்கை முடிய எடுத்துக்கொண்ட மில்லிநொடிகள், கேட்ட கருவியின் முகவரி, விளைவுக் குறியீடு, கருவிக்கு அனுப்பப்பட்ட பைட்டுகள், கோரிக்கையின் வகை, தள முகவரி, பயனர் பெயர், எந்த வழங்கியிலிருந்து பெறப்பட்டது என்பது, உள்ளடக்கத்தின் வகை என்ற வரிசையில் அவை அமையும். நேரம் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளாக எழுதப்படுவதால் முதற்பார்வையில் புரியாது. 1700000000 என்று இருந்தால் அது இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடியைக் குறிக்கும். லாக்ஃபார்மட் என்ற அமைவின் மூலம் இதை உள்ளூர் நேரமாக மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றாமலேயே வைத்திருக்கிறேன். பகுப்பாய்வுக் கருவிகள் எல்லாம் பழைய வடிவத்தையே எதிர்பார்க்கின்றன.

நேரத்தைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு; இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் பதிவேட்டைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். வரி எழுதப்படுவது கோரிக்கை தொடங்கும்போது அன்று, முடியும்போது. ஹெச்டிடிபிஎஸ் தளங்களுக்கு, கனெக்ட் என்ற வகைக் கோரிக்கை மூலம் ஸ்குவிட் ஒரு சுரங்கவழியைத் திறந்துவிடுகிறது. அந்தச் சுரங்கவழி மூடப்பட்ட பிறகே வரி எழுதப்படும். இரவு ஒன்பது மணிக்குத் திறந்த இணைப்பு பத்து மணிக்கு மூடப்பட்டால், பதிவேட்டில் பத்து மணி என்றே இருக்கும். முதல் உறுப்பிலிருந்து இரண்டாம் உறுப்பை நொடிகளாக்கிக் கழித்தால்தான் தொடக்க நேரம் கிடைக்கும். நள்ளிரவில் பிள்ளைகள் விழித்திருந்து பார்த்தார்கள் என்று ஒருவர் கோபப்படுவதற்கு முன்னால், அந்த வரி நள்ளிரவில் மூடப்பட்ட ஒரு பழைய இணைப்பாக இருக்கலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

அதுபோலவே, நீண்ட நேரம் என்பது நீண்ட நேரம் பார்த்தார் என்பதாகாது. உலாவியில் திறந்தபடி விடப்பட்ட ஒரு தத்தலும் (டேப்), அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கும் ஓர் இணைப்பும் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். அந்த வரிகளில் நேரம் பெரிதாகவும் பைட்டுகள் சிறிதாகவும் இருக்கும். மறுபுறம், ஒரே சுரங்கவழிக்குள் நூற்றுக்கணக்கான படங்களும் பக்கங்களும் வந்து போகலாம். பதிவேட்டில் அது ஒரே வரிதான். ஆகையால் வரிகளை எண்ணிப் பக்கங்களின் எண்ணிக்கை என்று கொள்வது பிழை. டேட்டா யாருக்குப் போனது என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை தருவது ஐந்தாம் உறுப்பான பைட்டுக் கணக்கு ஒன்றே. அதிலும் இயல்பான வடிவத்தில் கருவிக்கு இறங்கியது மட்டுமே உண்டு. கைபேசியிலிருந்து படங்களும் காணொளிகளும் மேகச் சேமிப்புக்கு ஏறுவது அதில் சேராது. 

ஹெச்டிடிபிஎஸ் வரியில் தளத்தின் பெயரும் போர்ட் எண்ணும் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம், எந்தக் காணொளி, என்ன தேடினார், யாருக்கு என்ன எழுதினார் என்பவை எதுவும் இராது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளர், இன்ன ஊருக்கு இன்ன வண்டி இத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவார். வண்டிக்குள் இருப்பவர் யாரைப் பார்க்கப் போகிறார், பையில் என்ன வைத்திருக்கிறார் என்பது அவருடைய ஏட்டில் வராது. ஸ்குவிடின் பதிவேடு அத்தகையது. இதை நிறுவிய புதிதில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகள் என்னிடம் நேராகவே கேட்டாள்: "பெரியப்பா, நான் யூடியூப்ல எதைப் பார்க்கிறேன்னு இதுல தெரிஞ்சிருமா?" "யூடியூப் போனேங்கிறது தெரியும்மா, எந்த வீடியோங்கிறது தெரியாது" என்று சொல்லி, அவளுடைய கைபேசியின் வரிகளையே திறந்து காட்டினேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் இப்படித் திறந்து காட்டிவிடுவது, அமைவின் முதல் படியாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது என் கருத்து.

மறைகுறியாக்கம் இல்லாத பழைய ஹெச்டிடிபி தளங்களுக்கு முழு முகவரியும் பதிவாகும். அங்கேயும், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் தேடுசொற்களையும் விவரங்களையும் வெட்டிவிட்டு எழுதுவதே ஸ்குவிடின் இயல்பு நிலை. அதை அணைத்துவிட்டு முழுவதையும் பதிவு செய்ய வழி இருக்கிறது. வீட்டில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

தளப்பெயர்களைப் படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். யூடியூபில் காணொளி பார்த்தால் பெரிய பைட்டுக் கணக்கு கூகுள்வீடியோ.காம் என்ற பெயரில்தான் விழும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் படங்கள் எஃப்பிசிடிஎன்.நெட் என்ற பெயரில் வரும். ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் அதோடு விளம்பர நிறுவனங்கள், பின்தொடரும் நிறுவனங்கள் என்று பற்பல பெயர்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றைக்கூட வாசகர் கேட்டிருக்க மாட்டார். ஒரு தளத்தின் பெயர் பதிவேட்டில் இருப்பது, அந்தத் தளத்தை ஒருவர் விரும்பித் திறந்தார் என்பதற்குச் சான்றாகாது. பெற்றோர் பலரும் இடறும் இடம் இதுவே என்பதால் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இந்தப் பதிவேடு வெளிப்படுத்திய உண்மைகளில் பெரும்பாலானவை மனிதர்களைப் பற்றியவை அல்ல, கருவிகளைப் பற்றியவை: யாரும் பார்க்காத வேளையிலும் தொலைக்காட்சிப் பெட்டி தன் தயாரிப்பாளரின் வழங்கியோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தது, மடிக்கணினி மாலை நேரத்தில், எல்லோரும் இணையத்துக்குக் காத்திருக்கும்போது, தன் இயங்குதளப் புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருந்தது. புதுப்பிப்பு நேரத்தை அதிகாலைக்கு மாற்றியதிலேயே மாலைச் சச்சரவில் பாதி தீர்ந்துவிட்டது.

மூன்றாம் உறுப்பான கருவி முகவரி பயன்பட வேண்டுமானால், ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரிக்கு (வன்பொருள் அடையாள எண்ணுக்கு)ப் பதிலாக ஒரு புனைவு முகவரியைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவைத்தால் ஒதுக்கீடு குழம்பாது. வெளியிடங்களில் அது இயங்கட்டும். அங்கே அது நல்ல பாதுகாப்பு.

அடுத்து, இதன் கண்ணுக்குத் தப்புபவை. ப்ராக்ஸியின் முகவரியைக் கருவியின் வைஃபை அமைவில் எழுதிவைக்கும் எளிய முறையில், உலாவிகள் அதை மதிக்கும்; செயலிகள் எல்லாம் மதிக்கும் என்று சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டின் வைஃபை அமைவுப் பக்கமே, உலாவி இந்த ப்ராக்ஸியைப் பயன்படுத்தும், மற்ற செயலிகள் பயன்படுத்தாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. வாட்ஸ்அப் அழைப்புகள், இணைய விளையாட்டுகள் போன்றவை யுடிபி என்னும் வேறு வகை வழியில் செல்வதால் இதன் பக்கமே வருவதில்லை. கைபேசி வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் பதிவு இல்லை. எனவே இந்தப் பதிவேடு கூட்டிக் காட்டும் தொகை, சேவை நிறுவனத்தின் செயலி காட்டும் மொத்தத் தொகையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். அது பழுதன்று, கருவியின் எல்லை.

அந்த எல்லையை விரிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுப் போக்குவரத்து முழுவதையும் ஸ்குவிட் ஓடும் கணினி வழியாகத் திருப்பி, கருவிகளில் எதையும் எழுதாமலேயே இடைமறிக்கும் முறை அது. அப்போது ஸ்குவிடை, மறைகுறியாக்கத்தைத் தொடாமல், இணைப்பின் தொடக்க வணக்கத்தில் வெளிப்படையாக வரும் தளப்பெயரை மட்டும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுமாறு அமைக்கலாம். பீக், ஸ்ப்ளைஸ் என்று இவ்விரு செயல்களுக்கும் பெயர். கருவிகளில் எந்த மின்னணுச் சான்றிதழையும் (தளத்தின் அடையாளத்தை உறுதி செய்யும் கோப்பு) நிறுவ வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. டெபியனில் இதற்கு ஸ்குவிட்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற தனித் தொகுப்பை நிறுவ வேண்டும். கூடவே, 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட க்விக் என்ற நெறிமுறை யுடிபி 443 வழியாகச் செல்வதையும், அதை ஸ்குவிட் கையாளாது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அந்தப் போர்ட்டை அடைத்தால் உலாவிகளும் பெரும்பாலான செயலிகளும் தாமாகவே பழைய டிசிபி வழிக்குத் திரும்பிவிடும். சேவை நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் இப்படித் திருப்பிவிடும் வசதி இருப்பதில்லை என்பதால், இடையில் சொந்த ரவுட்டர் ஒன்று தேவைப்படலாம். வலையமைப்பில் தேர்ச்சியுள்ளவர் ஒருவர் வீட்டில் இல்லையென்றால் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எளிய முறையே போதும்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு: வீட்டுக்கென்று சொந்தச் சான்றிதழ் அதிகாரம் ஒன்றை உருவாக்கி, அதை எல்லாக் கருவிகளிலும் நம்பவைத்து, ஹெச்டிடிபிஎஸ் இணைப்பை நடுவில் உடைத்து உள்ளே இருப்பதை முழுவதும் படிப்பது. ஸ்குவிடால் இது முடியும் என்பதால் சிலர் ஆர்வத்தோடு இறங்குகிறார்கள். வீட்டில் இதைச் செய்யவே கூடாது என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் நிறுவிய சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை என்பதால் பல செயலிகள் முடங்கிப்போகும். வங்கிச் செயலிகளும் பணப் பரிமாற்றச் செயலிகளும் தங்கள் சான்றிதழைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி எழுதப்பட்டிருப்பது வழக்கம். இயங்கும் இடங்களிலோ, அம்மாவின் வங்கிக் கடவுச்சொல்லும் தம்பியின் மருத்துவ அறிக்கையும் பரண்மேல் இருக்கும் ஒரு சிறு கணினியின் வழியே திறந்த நிலையில் கடந்து செல்லும். அந்தச் சான்றிதழின் மறைசாவி வெளியே போனால், வீட்டிலுள்ள அத்தனை கருவிகளையும் ஏமாற்றும் ஆயுதம் அந்நியர் கையில் கிடைத்துவிடும். டேட்டா கணக்குப் பார்ப்பதற்காக ஏற்கத்தக்க ஆபத்து இல்லை இது.

வன்பொருளைப் பொறுத்தவரை, பழைய மடிக்கணினியோ மினி பிசியோ ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினியோ எதுவும் போதும். மினி பிசி சராசரியாகப் 10 வாட் எடுத்தால் மாதத்துக்கு 7.2 யூனிட், நம் மின்கட்டணம் கணக்கிடப்படும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல்; ராஸ்பெரி பை இதில் பாதிகூட எடுக்காது. ஆனால் ராஸ்பெரி பையை மெமரி கார்டில் ஓட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை: பதிவுக்கோப்பு என்பது ஓயாமல் எழுதப்படும் கோப்பு. மெமரி கார்டுகள் இடைவிடாத எழுத்தையும் திடீர் மின்நிறுத்தத்தையும் நன்றாகத் தாங்குவதில்லை. சிறிய எஸ்எஸ்டி ஒன்றை இணைத்து, ரவுட்டருக்கு நாம் வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ்ஸிலேயே, அதன் திறன் இடம் கொடுத்தால், இதையும் சேர்த்துவிடுவது நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் மேல்தளத்து அறைகளும் பரண்களும் கொதிக்கும் என்பதால், காற்றோட்டமுள்ள கீழ்த்தள இடமே இதற்குச் சரி. நினைவகம் 1 ஜிபி மட்டும் உள்ள கணினியில், இயல்பாக 256 எம்பி எடுத்துக்கொள்ளும் கேச் நினைவகத்தைக் குறைத்துவிடலாம். மேலே சொன்ன காரணத்தால் அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

கணினி அணைந்துபோனால் வீட்டுக்கே இணையம் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. ஒவ்வொரு கருவியிலும் ப்ராக்ஸியின் முகவரியை நேரடியாக எழுதியிருந்தால் அப்படித்தான் ஆகும். பேக் கோப்பு எனப்படும் தானியங்கி அமைவுக் கோப்பில், முதலில் ப்ராக்ஸி, அது கிடைக்காவிட்டால் நேரடி இணைப்பு என்று இரண்டையும் வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் நீங்கும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும் இன்வெர்ட்டரில் ரவுட்டர் மட்டும் ஓடினால் அம்மாவின் கைபேசியில் இணையம் இருக்கும். அந்த நேரத்துப் பதிவு கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும்.

பதிவேட்டைப் படிக்க உதவும் கருவிகளில் மூன்றைச் சொல்ல வேண்டும். சார்க் என்பது ஸ்குவிடுக்கென்றே எழுதப்பட்டது. கருவிவாரியாகவும் நாள்வாரியாகவும் அட்டவணை போட்டு உலாவியில் திறக்கும் அறிக்கையாகத் தரும். தோற்றம் பழையது, கணக்கு தெளிவானது. கோஅக்சஸ், வலைவழங்கிகளுக்காக எழுதப்பட்டதானாலும் ஸ்குவிடின் வடிவத்தையும் அறியும்; கறுப்புத் திரையிலேயே ஓடும் வரைபடங்களோடு கண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் எனக்கு மிகுதியும் பயன்படுவது யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழங்கருவியான ஆக் (awk) தான்: மூன்றாம் உறுப்புவாரியாக ஐந்தாம் உறுப்பைக் கூட்டு என்று ஒரே வரி எழுதினால், எந்தக் கருவி எவ்வளவு இறக்கியது என்பது உடனே வந்துவிடும்.

மாற்றுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். டைனிப்ராக்ஸி மிகச் சிறியது, நினைவகம் குறைந்த கணினிக்கு ஏற்றது. ஆனால் அதன் பதிவில் பைட்டுக் கணக்கு இல்லாதது எங்கள் தேவைக்குப் பெருங்குறை. ப்ரிவாக்ஸியின் நோக்கம் விளம்பரங்களையும் பின்தொடர்வோரையும் வடிகட்டுவது. மிட்ம்ப்ராக்ஸி, மென்பொருள் எழுதுவோர் தம் சொந்தச் செயலியைச் சோதிக்கப் பயன்படும் அருமையான கருவி, வீட்டாருக்கு உரியதன்று. பை-ஹோல் ப்ராக்ஸியே அன்று, தளப்பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழங்கி. எந்தக் கருவி எந்தப் பெயரைக் கேட்டது என்பதை அழகான பக்கத்தில் காட்டும், செயலிகளின் கேள்விகளையும் பெரும்பாலும் பிடித்துவிடும், நிறுவுவதும் எளிது. ஆனால் பெயர் கேட்டதற்குப் பின் எவ்வளவு இறங்கியது என்பது அதற்குத் தெரியாது. எந்தெந்தத் தளங்கள் என்பது மட்டும் போதும் என்போர் ஸ்குவிடை விட்டுவிட்டுப் பை-ஹோலை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு, எத்தனை நேரம் என்பதும் வேண்டும் என்போருக்கு ஸ்குவிடே ஏற்றது.

பாதுகாப்பில் ஸ்குவிடின் குறையை மறைக்க விரும்பவில்லை. மிகப் பெரிய, மிகப் பழைய நிரல் இது. பராமரிப்போர் மிகச் சிலர். 2021-ல் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் இதில் 55 குறைபாடுகளைக் கண்டறிந்தார். 2023 அக்டோபரில் அவர் அவற்றை வெளியிட்டபோதும் பல சரிசெய்யப்படாமலே இருந்தன. ஆகவே, புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் ஏற்ற வேண்டும். 3128 போர்ட்டை வெளி இணையத்துக்கு எந்த நிலையிலும் திறக்கக் கூடாது. திறந்து கிடக்கும் ப்ராக்ஸியைத் தேடி அலையும் நிரல்கள் ஏராளம். அவை செய்யும் குற்றங்கள் நம் இணைப்பின் பெயரில் பதிவாகும். நம் சேவை நிறுவனங்கள் பலவும், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய ஐபிவி6 என்னும் புதுவகை முகவரிகளையும் தருகின்றன. ஸ்குவிட் இயல்பாக எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும் என்பதால், வீட்டு வலையின் உள்முகவரியில் மட்டும் கேட்கும்படி போர்ட் வரியை மாற்றி எழுதிவிட வேண்டும்.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஒரு வரி ஏறக்குறைய 100 முதல் 150 பைட்டு. நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் வரிகள் எழுதப்பட்டாலும் 8 எம்பிக்குள் அடங்கிவிடும் என்பதால், இடப்பற்றாக்குறை என்ற காரணத்துக்காக யாரும் அழிக்கப் போவதில்லை. வேண்டுமென்றே அழிக்க வேண்டும். கோப்பைச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டின் டெபியன் அமைவு, நாள்தோறும் புதுக் கோப்பைத் தொடங்கிப் பழையவற்றில் இரண்டை மட்டுமே வைத்துக்கொள்கிறது. அதை ஒரு வாரமாக நீட்டியிருக்கிறேன். கருவிவாரியான மாதக் கூட்டுத்தொகையை மட்டும் தனியே எழுதிக்கொண்டால் டேட்டா கணக்குக்கு அதுவே போதும். 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணையைச் சிலர் சுட்டுவதுண்டு. அது சேவை வழங்குவோர், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் போன்றோருக்கானது, குடியிருக்கும் வீட்டுக்கானதன்று. எங்கள் வீட்டில், கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் என்னிடமும் தம்பி மனைவியிடமும் இருக்கிறது. யாருடைய கருவியின் வரிகளைப் பார்க்க வேண்டுமானாலும் அவரை அருகில் வைத்துக்கொண்டே பார்ப்பது என்று எல்லோரும் பேசி முடிவு செய்தோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது அரசைக் கட்டுப்படுத்துவதற்காக என்றாலும், வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் அந்த மதிப்பைக் கொடுக்காமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடாது.

விருந்தினரின் கோரிக்கைகளை நாங்கள் பதிவு செய்வதில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண உறவினர்கள் வந்து வீடு நிறையும்போது, வந்தவர்கள் எல்லோரும் வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பார்கள். அவர்களுக்கென்று ரவுட்டரில் தனியாக ஒரு விருந்தினர் வலை இருக்கிறது, அது ஸ்குவிடின் வழியே செல்லாது. தங்களுடைய உலாவல் ஒரு கோப்பில் எழுதப்படுவதை அறியாத ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு விருந்தோம்பினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2023-ம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் ஒருவர் சொந்தத் தேவைக்காகவோ வீட்டுத் தேவைக்காகவோ தரவைக் கையாள்வதைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. ஆனால் முன்னறையில் டியூஷன் நடத்துவோர், மாடியை மாணவர் விடுதியாக நடத்துவோர் ஆகியோரின் வைஃபை வெறும் வீட்டுத் தேவை என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்காது. அவர்கள் அந்த வலையை வீட்டு வலையிலிருந்து பிரித்து, பதிவு செய்வதாக இருந்தால் எதைப் பதிவு செய்கிறார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை எழுத்தில் அறிவித்து, ஒப்புதல் பெற்ற பின்னரே ஸ்குவிடை அங்கே இயக்க வேண்டும்.